பழைய பேக்ஹோவில் ஸ்டீரிங் கனத்தால்: ஆர்பிட்டலில் கை வைப்பதற்கு முன்னால்

முன்னால் லோடர் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள என் பேக்ஹோவில் ஸ்டீரிங் கனக்க ஆரம்பித்ததும், ஸ்டீரிங் தண்டின் அடியிலிருந்து ஆயிலைச் சிலிண்டருக்குப் பிரித்து அனுப்பும் ஆர்பிட்டலை முதலில் கழற்றி சீல் கிட் (கசிவைத் தடுக்கும் வளையங்களின் தொகுப்பு) மாற்றினேன். சரியாகவில்லை. கிட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு கிட் வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே கனம். வண்டியைக் கிளப்பியதும் நன்றாகத்தான் திரும்பும். ஒரு மணி நேரம் வேலை பார்த்து ஆயில் சூடானதும், ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஸ்டீரிங் இறுகும். பம்ப் பக்கமிருந்து ஒரு கீச்சொலி கேட்கும். ரேஸ் கொடுத்தால் ஆயில் அதிகம் வரும், ஸ்டீரிங் இலேசாக வேண்டும். இங்கே தலைகீழாக நடந்தது. அந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் இரண்டு கிட்டும் மிச்சம், நான்கு நாள் வேலையும் மிச்சம்.

கோளாறு இருந்தது டேங்கிலிருந்து பம்புக்கு வரும் சக்ஷன் ஹோஸில். வெளியே பார்த்தால் வெடிப்பு இல்லை, கசிவு இல்லை, புது ஹோஸ் மாதிரி இருந்தது. கழற்றி நீளவாக்கில் கத்தியால் கிழித்துப் பார்த்தேன். உள்பக்க ரப்பர் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப் மெதுவாக இழுக்கும்போது அந்த நாக்கு ஓரமாகப் படுத்திருக்கும். வேகமாக இழுத்தால் எழுந்து வழியை அடைத்துவிடும். சூட்டில் ரப்பர் இளகியதும் இன்னும் சுலபமாக அடைத்தது.

அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஸ்டீரிங் கோளாறு என்றாலும் ஆர்பிட்டலைக் கடைசியாகத்தான் தொடுகிறேன். அது கெட்டுப்போகாது என்று சொல்ல வரவில்லை, கெட்டுப்போகும். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் கோளாறு அங்கேயே அகப்பட்டுவிடும்.

ஆயில் போகும் வழி

வழியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டேங்கிலிருந்து சக்ஷன் ஹோஸ் வழியாக பம்ப் ஆயிலை இழுக்கிறது. பல பேக்ஹோக்களில் லோடருக்கும் ஸ்டீரிங்குக்கும் ஒரே பம்ப்தான். நடுவில் பிரையாரிட்டி வால்வு என்று ஒன்று இருக்கும். முதலில் ஸ்டீரிங்குக்கு வேண்டிய ஆயிலைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை லோடருக்கும் பின்பக்கக் கைக்கும் அனுப்புவது அதன் வேலை. சில வண்டிகளில் ஸ்டீரிங்குக்குத் தனி பம்ப் இருக்கும். உங்கள் வண்டியில் எது என்று ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரிங் தண்டின் அடியில் உட்கார்ந்திருப்பதுதான் ஆர்பிட்டல். பி, டி, எல், ஆர் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் அதில் பொறித்திருக்கும். பி பம்பிலிருந்து வருவது, டி டேங்குக்குத் திரும்புவது, எல்லும் ஆரும் இடது வலது சிலிண்டர் ஹோஸ்கள். சில மாடல்களில் எல்எஸ் என்று ஐந்தாவது ஒரு மெல்லிய லைன் பிரையாரிட்டி வால்வுக்குப் போகும். ஸ்டீரிங் வீலுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு எதுவும் கிடையாது; ஆயில் மட்டும்தான். அதனால்தான் இந்த வகையில் கசிவு எங்கே இருந்தாலும் அது கையில் தெரிகிறது.

இன்னும் பழைய வண்டிகளில் ஸ்டீரிங் கியர் பாக்ஸ் இருந்து, ஒரு சிலிண்டர் துணைக்குத் தள்ளும் அமைப்பு இருக்கும். அதில் ஆர்பிட்டல் கிடையாது. ஆனால் ஆயில், சக்ஷன், பம்ப், கிங் பின் (முன் சக்கரம் இடவலம் திரும்ப அச்சாக இருக்கும் பின்) பற்றி இங்கே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

கை வைப்பதற்கு முன்னால்

சமதரையில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, பின்பக்க ஸ்டெபிலைசர் கால்களை இறக்கி, பக்கெட்டையும் தரையில் வைத்துவிட்டு இன்ஜினை அணையுங்கள். அணைத்த பிறகு ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி, லோடர் லீவர்களையும் முன்னும் பின்னும் ஆட்டிவிடுங்கள். லைனில் தங்கியிருக்கும் பிரஷர் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள்.

கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதைச் செய்யவே கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறையும் அதைத் தடுக்காது. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், அந்த நேரத்தில் வலியும் பெரிதாக இருக்காது, அதனால் பலர் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். ஒரு நீளமான அட்டையைக் கசிவுப் பக்கம் நீட்டிப் பாருங்கள், ஆயில் அதில் தெறிக்கும். அப்படி ஏதாவது கையில் பட்டுவிட்டால் வலிக்கிறதா என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோடு உள்ளே போயிருக்கிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

முதல் சோதனை: இன்ஜினை அணைத்துவிட்டுத் திருப்புவது

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் நான் செய்யும் சோதனை இதுதான். முன் பக்கெட்டின் வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துத் தரையில் அழுத்தினால் முன் சக்கரங்கள் மேலே எழும். ஜாக்கியே தேவையில்லை, பேக்ஹோவில் இது ஒரு வசதி. ஆனால் பக்கெட் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று நம்பி அடியில் போகக் கூடாது. ஆக்சிலுக்குக் கீழே கனமான மரக்கட்டைகளை அடுக்கி, எடையை அதன் மேல் இறக்கிவிடுங்கள். சக்கரம் மட்டும் தரையில் படாமல் இருந்தால் போதும்.

இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீரிங்கைத் திருப்புங்கள். கனமாக இருக்கும், அது சரிதான். பம்ப் நின்றிருந்தாலும் ஆர்பிட்டலே ஒரு கைப்பம்பு மாதிரி வேலை செய்து சக்கரத்தை நகர்த்த வேண்டும். சக்கரம் மெதுவாகத் தொடர்ந்து நகர்ந்தால் ஆர்பிட்டலின் கியரும் சிலிண்டர் சீலும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று பொருள். கோளாறை ஆயில் வரும் பக்கம் தேடுங்கள்: ஆயில், சக்ஷன், பம்ப், பிரையாரிட்டி வால்வு. ஸ்டீரிங் சும்மா சுற்றிக்கொண்டே போய் சக்கரம் அசையவில்லை என்றால் ஆயில் உள்ளுக்குள்ளேயே எங்கோ நழுவுகிறது, அல்லது லைனில் காற்று நிறைய இருக்கிறது. அப்போது சிலிண்டரையும் ஆர்பிட்டலையும் சந்தேகிக்கலாம்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பெரும்பாலான வண்டிகளில் மூன்றரை, நான்கு சுற்றுக்குள் முடிந்துவிடும். ஆறு ஏழு சுற்று ஆகிறதென்றால் நழுவல் நிச்சயம். வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணி, அந்த எண்ணை கேபினுக்குள் பெயிண்டால் எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். என் வண்டியில் ஸ்டீரிங் தண்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம் சூட்டைக் கவனியுங்கள். ஆறியிருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் தொய்ந்து போனால் தேய்மானம் என்று நினைக்கலாம். ஆயில் நீர்த்துப்போய் தேய்ந்த இடுக்குகளில் நழுவும். காலையில் கனமாக இருந்து சூடானதும் சரியானால் ஆயில் தடித்திருக்கிறது, இல்லை சக்ஷன் ஸ்ட்ரெய்னர் (டேங்குக்குள் இருக்கும் சல்லடை) அடைத்திருக்கிறது. மெதுவாகத் திருப்பினால் இலேசு, வேகமாகத் திருப்பினால் கனம் என்றால் ஆயில் போதவில்லை. பம்ப் பக்கமும் பிரையாரிட்டி வால்வும் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் கனம் என்றால் பிரஷர் எழவில்லை, அல்லது ஆயிலுக்கே சம்பந்தமில்லாமல் இரும்பு இறுகியிருக்கிறது.

ஆயிலை விட்டு இரும்பைப் பாருங்கள்

முன் சக்கரங்கள் தூக்கியிருக்கும்போதே இதையும் பார்த்துவிடலாம். இன்ஜினை அணைத்து, சிலிண்டர் ராடை நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் இரும்பு) கழற்றிவிடுங்கள். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு அப்படியே இருக்கட்டும். இப்போது சக்கரத்தைக் கையால் இடவலமாகத் தள்ளுங்கள். ஓர் ஆள் பலத்தில் நகர வேண்டும். தோளைக் கொடுத்துத் தள்ளியும் வராவிட்டால் கிங் பின் காய்ந்து இறுகியிருக்கிறது. அந்த வண்டியில் ஆர்பிட்டல் மாற்றினாலும் பம்ப் மாற்றினாலும் ஸ்டீரிங் கனமாகத்தான் இருக்கும்.

கிங் பின்னுக்கு கிரீஸ் அடிப்பவர்களில் பலர் சக்கரம் தரையில் இருக்கும்போதே அடிக்கிறார்கள். வண்டியின் எடை முழுக்க அந்தப் பின்னின் த்ரஸ்ட் வாஷர் மேல் உட்கார்ந்திருக்கும்போது கிரீஸ் அந்த இடுக்குக்குள் போகவே போகாது. சுலபமான வழியாக வெளியே பிதுங்கிவிடும். பிதுங்குவதைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். ஒரு கை கிரீஸ் கன்னை அழுத்தட்டும், இன்னொருவர் சக்கரத்தை மெதுவாக ஆட்டட்டும். பழைய கறுப்பு கிரீஸ் போய், புது நிறம் எல்லாப் பக்கமும் வரும்வரை அடிக்க வேண்டும். நிப்பிளில் கிரீஸ் ஏறவே இல்லை என்றால் நிப்பிளைக் கழற்றி, ஓட்டையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, கொஞ்சம் டீசல் ஊற்றி ஊறவிட்டு மறுபடி முயலுங்கள்.

பால் ஜாயின்ட், சிலிண்டரின் இரண்டு பக்கப் பின்கள், ஆக்சிலின் நடுப் பின், வீல் பேரிங் எல்லாவற்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் ஸ்டீரிங்கைச் சின்னதாக இடவலம் ஆட்ட, இன்னொருவர் பக்கத்தில் நின்று எந்தப் பின் முதலில் அசைகிறது, எது தாமதமாக அசைகிறது என்று கவனித்தால் போதும். வண்டி நேராகப் போகாமல் அலைகிறது என்று ஆர்பிட்டலைக் குறை சொல்வார்கள். பார்த்தால் சிலிண்டர் பின்னின் புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். டயர் காற்றையும் அளந்துவிடுங்கள். லோடர் பொருத்திய வண்டியில் முன் டயரில் காற்று குறைந்தால் ஸ்டீரிங்கில் உடனே தெரியும்.

ஆயில், சக்ஷன், பம்ப்

டிப்ஸ்டிக்கையோ கண்ணாடியையோ பார்த்து ஆயில் மட்டத்தைச் சரிபாருங்கள். கையேட்டில் பக்கெட்டும் கையும் எந்த நிலையில் இருக்கும்போது பார்க்கச் சொல்லியிருக்கிறதோ அப்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டர்கள் நீண்டிருக்கும்போது பார்த்தால் மட்டம் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் மடக்கும்போது டேங்க் வழியும்.

கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரையாக இருந்து, கொஞ்ச நேரம் வைத்ததும் தெளிந்தால் அது காற்று. தீய்ந்த வாடை அடித்தால் ஆயில் ரொம்ப நாள் சூட்டில் வெந்திருக்கிறது. பல வண்டிகளில் 46 அல்லது 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுவார்கள். கியர் பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயிலில் ஓடும் டிராக்டர்களுக்கு வேறு வகை ஆயில். கையேட்டில் உள்ளதை ஊற்றுங்கள், கையில் கிடைத்ததைக் கலக்காதீர்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் பொறுமையான வேலை. சக்ஷன் லைனில் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் சொட்டு எதுவும் தெரியாது. இன்ஜினை ஐட்லில் விட்டு, சக்ஷன் லைனின் ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான கிரீஸையோ ஆயிலையோ தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தடவியதும் பம்பின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று ஏறுகிறது. பெரும்பாலும் ஹோஸ் கிளிப்தான். கிளிப்பை இறுக்கியும் நிற்காவிட்டால் ஹோஸின் முனை காய்ந்து கெட்டித்திருக்கும். மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது சக்ஷனுக்கென்றே வரும், உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸைத்தான் போட வேண்டும். சாதாரண ஹோஸ் பம்ப் இழுக்கும் வேகத்தில் சப்பையாகிவிடும். பழைய ஹோஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஆயில் சூடாக இருக்கும்போது ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லி, நீங்கள் பெல்ட்டும் ஃபேனும் இல்லாத பக்கமாக நின்று ஹோஸைக் கவனியுங்கள். வயிறு ஒட்டிப்போனால் கண்ணுக்கே தெரியும். என் வண்டியில் நடந்த மாதிரி உள்ளே உரிந்திருந்தால் மட்டும் வெளியே தெரியாது. கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அல்லது வயதைப் பார்த்து மாற்றிவிட வேண்டும். டேங்குக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னரையும் அதே சாக்கில் எடுத்துக் கழுவிவிடுங்கள்.

ஒரே பம்பில் லோடரும் ஸ்டீரிங்கும் ஓடும் வண்டி என்றால் சுலபமான கேள்வி ஒன்று இருக்கிறது: லோடர் எப்படித் தூக்குகிறது? லோடரும் சோம்பலாக இருந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஆயில், சக்ஷன், பம்ப். லோடர் சுறுசுறுப்பாகத் தூக்கி, ஸ்டீரிங் மட்டும் கனத்தால் பம்பை விட்டுவிட்டு பிரையாரிட்டி வால்வுக்கு வாருங்கள்.

பிரையாரிட்டி வால்வு

இதை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. லோடரைத் தூக்கிக்கொண்டே திருப்பும்போது ஸ்டீரிங் இறுகி, லீவரை விட்டதும் இலேசானால் இந்த வால்வுதான் சந்தேகத்துக்குரியது. பக்கவாட்டு பிளக்கைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் ஸ்பூலும் (துளைக்குள் முன்னும் பின்னும் நகரும் உருளை) வரும். எந்தப் பக்கம் எது இருந்தது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூலை டீசலில் கழுவி, ஆயில் பூசி, துளைக்குள் விட்டு வால்வைச் சாய்த்தால் தன் எடையிலேயே வழுக்கிப் போக வேண்டும். இடையில் நின்றால் அங்கே கீறலோ பிசினோ இருக்கிறது. எமரி தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். இடுக்கு கூடிவிட்டால் அந்த வால்வு அதோடு முடிந்தது.

ஸ்பூலின் முனையிலோ எல்எஸ் லைனிலோ குண்டூசித் துளை மாதிரி ஓர் ஓட்டை இருக்கும். அதில் ஒரு துகள் அடைத்தாலே போதும், ஸ்டீரிங் ஆயில் கேட்பது வால்வுக்குத் தெரியாமல் போய்விடும். காற்றடித்து, துளைக்கு எதிரே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிடக் கூடாது.

கேஜ் போட்டுப் பார்ப்பது

இதுவரை எதுவும் அகப்படவில்லை என்றால் இனிமேல் ஊகம் வேண்டாம், கேஜ் போடுங்கள். 250 பார் கேஜ் ஒன்று, மூன்று வழி டீ இணைப்பு ஒன்று, எல், ஆர் துளைகளை அடைக்க இரண்டு இரும்பு பிளக்குகள் இருந்தால் போதும். ஆர்பிட்டலின் பி லைனில் கேஜை இணைத்து, ஆயிலை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, ஸ்டீரிங்கை ஒரு கோடிவரை திருப்பி மூன்று நான்கு நொடி மட்டும் அழுத்திப் பிடியுங்கள். கையேட்டில் சொன்ன பிரஷர் வருகிறதா?

வருகிறது என்றால் பம்பும் ரிலீஃப் வால்வும் (பிரஷர் அளவு மீறாமல் திறந்துவிடும் வால்வு) தப்பித்தன. கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரும்புதான். வரவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, சிலிண்டர் ஹோஸ்கள் இரண்டையும் ஆர்பிட்டலில் கழற்றி, அந்தத் துளைகளில் பிளக் போட்டு மறுபடி அதே சோதனை. பிளக் போட்டதும் பிரஷர் எழுந்தால் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. பிளக் போட்ட பிறகும் ஸ்டீரிங் கையோடு சுலபமாகச் சுற்றிக்கொண்டே போனால் ஆர்பிட்டல் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஸ்டீரிங் கல்லாக நிற்கிறது, பிரஷர் மட்டும் குறைவு என்றால் ரிலீஃப் வால்வின் சீட்டில் குப்பையோ, பம்ப் தேய்மானமோ.

ரிலீஃப் வால்வைக் கழற்றிக் கழுவுங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் மாற்றுங்கள். கேஜ் இல்லாமல் திருகி ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இறுகிப்போன கிங் பின்னை பிரஷரைக் கூட்டி ஜெயிக்கப் பார்த்த ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டரைத் தாங்கும் பிராக்கெட் ஆக்சிலிலிருந்து வெல்டிங்கோடு பிய்ந்து வந்திருந்தது. சாலையில் ஓடும்போது அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

சிலிண்டர்

சிலிண்டரை வண்டியில் இருக்கும்போதே உறுதி செய்துகொள்ளலாம். ஸ்டீரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, இன்ஜினை அணைத்து, ஆயில் திரும்பி வரும் பக்கத்து ஹோஸைச் சிலிண்டரில் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். சிலிண்டர் துளைக்குக் கீழே வாளி வையுங்கள். யாரும் எதிரே நிற்க வேண்டாம். இன்ஜினைக் கிளப்பி ஐட்லில், அதே பக்கமே இன்னும் திருப்பி நொடி இரண்டு நொடி பிடித்தால், திறந்த துளையிலிருந்து ஆயில் தொடர்ந்து ஓடக் கூடாது. தவறி எதிர்ப்பக்கம் திருப்பிவிடாதீர்கள். இரண்டு சிலிண்டர் உள்ள வண்டியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சீல் மாற்றும்போது ராடை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டுகிற இடத்தில் குரோம் உரிந்திருக்கிறது. அந்த ராடில் போடும் புது சீல் ரொம்ப நாள் தாங்காது. சீலின் உதடு பிரஷர் வரும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக வரும் பிஸ்டன் வளையத்தை வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகி, விரிந்து உட்காரும்.

கடைசியாக ஆர்பிட்டல்

கழுவித் துடைத்த மேஜை, வெளுத்த பழைய வேட்டித் துண்டு, விளிம்புள்ள தட்டு ஒன்று. நூல் உதிரும் வேஸ்ட் துணி பக்கத்திலேயே வரக் கூடாது. ஒரு நூலிழை ஆர்பிட்டலுக்குள் இருக்கும் ஸ்பூலுக்கும் அதைச் சுற்றியுள்ள ஸ்லீவுக்கும் நடுவே மாட்டினால் போதும். ஆர்பிட்டலைக் கழற்றும் முன் நான்கு ஹோஸுக்கும் அடையாளம் கட்டுங்கள். பியும் டியும் மாறினால் மேல் சீல் பிதுங்கிவிடும். எல்லும் ஆரும் மாறினால் இடப்பக்கம் திருப்ப வண்டி வலப்பக்கம் போகும்.

கழற்றும் முன், ஹவுசிங், நடுத்தட்டு, கியர் வளையம், மூடி எல்லாவற்றின் பக்கவாட்டிலும் ஒரே நேர்க்கோடாக ஆணியால் கீறிவிடுங்கள். பல மாடல்களில் அடியில் ஏழு போல்ட் இருக்கும். அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி, நுனியில் முள்ளோடு வரும். அதன் அடியில் செக் வால்வின் குண்டு இருக்கிறது. அந்த போல்ட் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். குண்டு உருண்டு ஓடிவிடும், அதற்காகத்தான் விளிம்புள்ள தட்டு. இந்தக் குண்டு இல்லாமல் பூட்டினால் சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீரிங் கையை உதைக்கும், இன்ஜின் அணைந்தால் கையால் திருப்பவும் முடியாமல் போகலாம்.

உள்ளே ஆறு பல் உள்ள நட்சத்திரம், அதைச் சுற்றி ஏழு குழிவுள்ள வளையம், நடுவே ஒரு கார்டன் தண்டு. தண்டின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும். நட்சத்திரத்தின் பல்லுக்கும் அந்த வெட்டுக்கும் உள்ள பொருத்தத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்ட பிறகுதான் நட்சத்திரத்தை உருவ வேண்டும். இந்த ஒரு பல் மாறிப் பூட்டினால், இன்ஜினைக் கிளப்பியதும் ஸ்டீரிங் தானாகவே வேகமாகச் சுற்ற ஆரம்பிக்கும். கை ஆரத்துக்கு நடுவே இருந்தால் எலும்பு உடையும்.

ஸ்பூலை வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கும் குறுக்குப் பின் தரைக்குப் படுக்கை வாக்கில் இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் பின் நழுவி ஹவுசிங்கின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், பிறகு முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. படுக்கை வாக்கில் வைத்து மெதுவாக, சுற்றாமல் தள்ளினால் ஸ்லீவ், பேரிங் எல்லாம் சேர்ந்தே வெளியே வந்துவிடும். நடுவிலுள்ள இலை ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். ஸ்டீரிங்கை விட்டதும் நடுநிலைக்குத் திரும்பாமல் தானாகத் திரும்பிக்கொண்டே போகும் கோளாறு இதில் ஒன்று உடைந்தால் வரும். ஆனால் அதற்கு முன்னால் ஸ்டீரிங் தண்டைத் தாங்கும் போல்ட்களைத் தளர்த்திப் பார்த்தீர்களா? தண்டு கோணலாக ஆர்பிட்டலை அழுத்தினாலும் இதே கோளாறு வரும். தளர்த்தியதும் சரியானால் தண்டை நேராக்கிப் பூட்டுவதோடு வேலை முடிந்தது.

ஸ்பூலிலும் ஸ்லீவிலும் நகம் தட்டும் கீறல் இருந்தால் சீல் கிட் பயன்படாது, முழு யூனிட்டும்தான் மாற்ற வேண்டும். சீல் கிட் வெளிக்கசிவுக்கான மருந்து. உள்தேய்மானத்துக்கு அது ஒன்றும் செய்யாது. இது தெரியாமல்தான் நான் இரண்டு கிட் போட்டேன். மேல் சீல் அடிக்கடி போய் ஆயில் காலடியில் சொட்டுகிறதென்றால் ரிட்டர்ன் ஃபில்டரையும் மாற்றுங்கள். அது அடைத்தால் பின்பிரஷர் அந்தச் சீலைத்தான் வெளியே தள்ளும்.

பூட்டும்போது எல்லாப் பாகத்துக்கும் சுத்தமான ஆயில் பூசி, போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தவணையில் இறுக்குங்கள். பல யூனிட்களுக்கு 30 நியூட்டன் மீட்டர் அளவில் போதும். கையேட்டில் வேறு சொன்னால் அதுவே சரி. அதிகம் இறுக்கினால் நட்சத்திரம் பிடித்துக்கொள்ளும். ஹோஸ் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அதன் துணுக்கு நேராக ஸ்பூலுக்குத்தான் போகும்.

காற்றை வெளியேற்றுவது

முன் சக்கரங்கள் தூக்கியபடியே இருக்கட்டும். இன்ஜினைக் கிளப்பும்போது ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். தானாகச் சுற்றினால் உடனே அணைத்துவிட்டு நட்சத்திரத்தின் பொருத்தத்தைச் சரிபாருங்கள். சுற்றவில்லை என்றால் ஐட்லிலேயே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பத்துமுறை திருப்புங்கள். கோடியில் அழுத்திப் பிடிக்க வேண்டாம். டேங்கில் நுரை தெரிந்தால் அணைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள், காற்று தானாக மேலே வந்துவிடும். மட்டத்தைப் பார்த்து ஆயில் ஊற்றி, மறுபடி பத்துமுறை.

அப்புறம் சக்கரத்தை இறக்கி, காலி மைதானத்தில் முதல் கியரில் ஓட்டிப் பாருங்கள். பக்கெட்டில் பாதி மண்ணோடு ஒரு முறை, லோடரைத் தூக்கிக்கொண்டே திருப்பி ஒரு முறை. ஆயில் சூடாகும்வரை ஓட்டிவிட்டு சுற்றை எண்ணி, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். பிரித்த ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் அட்டையைப் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் எது கசிந்தது என்று தெரிந்துவிடும். ரிட்டர்ன் ஃபில்டரை 50 மணி நேரம் ஓடியதும் கழற்றி வெட்டிப் பாருங்கள். பித்தளைத் துகளோ இரும்புத் தூளோ மின்னினால் பம்ப் தேய்கிறது. வேலை நடுவில் நிற்பதற்கு முன்னால் அதைக் கழற்றிவிடுங்கள்.